இன்ஜின் நல்லாத்தான் இருந்தது

சில வருஷங்களுக்கு முன்னால் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஏ.டி.ஆர். விமானத்தில் போனேன். எழுபது பேர் வரை உட்காரலாம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு காத்தாடி. பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும். எனக்கு வலது பக்கம் ஜன்னல் ஸீட். பக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. பெல்ட்டை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"தம்பி, காத்தாடி நின்னுல்லா கெடக்கு! எஞ்சின் சத்தம் மட்டும் கேக்கு. என்னமும் கோளாறா?"

நியாயமான சந்தேகம்தான். நானும் பார்த்தேன். இன்ஜின் ஓடுகிறது, ஏ.ஸி. வருகிறது, காத்தாடி மட்டும் சிலை மாதிரி நிற்கிறது. பணிப்பெண்ணைக் கேட்டோம். "நார்மல்தான் சார்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சிக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை. எனக்கும்தான். ஊர் திரும்பியதும் விசாரிக்க ஆரம்பித்தேன்.

பெரிய விமானங்களின் வால் பகுதியில் ஒரு குட்டி இன்ஜின் இருக்கும். தரையில் நிற்கும்போது விளக்குக்கும் ஏ.ஸி.க்கும் அதுதான் கரென்ட் கொடுக்கும். ஏ.டி.ஆரில் அது கிடையாது. அதனால் வலது பக்க இன்ஜினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லருக்கு மட்டும் பிரேக் போட்டுவிடுகிறார்கள். இதற்கு 'ஓட்டல் மோட்' என்று பெயர். சாப்பிட ஒன்றும் கிடைக்காது, பெயர் மட்டும்தான்.

காத்தாடியைப் பிடித்து நிறுத்தினால் இன்ஜின் அணைந்து போகாதா? போகாது. இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஸ்விட்ச் போடுங்கள். அதன் காற்றில் இன்னொன்றும் சுற்றும். இரண்டாவதை விரலால் பிடித்து நிறுத்தினாலும் முதலாவது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலான டர்போபிராப் இன்ஜின்களின் சூட்சுமம் இவ்வளவுதான். முன்னால் ஒரு கம்ப்ரஸர் காற்றை அமுக்கும். அதில் எரிபொருள் எரியும். அந்தச் சூட்டுக் காற்று ஒரு டர்பைனைச் சுற்றி கம்ப்ரஸரை ஓட்டும். மிச்சக் காற்று தனியாக இருக்கும் இன்னொரு டர்பைனைச் சுற்றும். அந்த இரண்டாவதுதான் கியர் வழியாகப் புரொப்பெல்லரை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் காற்றைத் தவிர வேறு பந்தம் இல்லை.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் பி.காம். எனக்கு மிஷின் என்றாலே டெப்ரிசியேஷன்தான் ஞாபகம் வரும். இயந்திரம் வாங்கிய விலை இவ்வளவு, ஆயுள் பத்து வருஷம், வருஷத்துக்கு இவ்வளவு கழித்துக்கொள் என்று அக்கவுன்டன்ஸி வாத்தியார் போர்டில் போடுவார். அந்தப் பத்து வருஷத்தில் அதை யார் ஓட்டினார்கள் என்று அந்தக் கணக்கில் ஒரு காலம்கூட கிடையாது.

பத்திரிகைக்காக ஒருமுறை நாமக்கல் போயிருந்தபோது ஒரு லாரி உரிமையாளர் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார். "ஒரே மாசம் வாங்குன ரெண்டு வண்டிங்க. ஒண்ணு பத்து லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் இன்ஜினைப் பிரிக்கலைங்க. இன்னொண்ணு நாலு லட்சத்துலயே கைய விரிச்சிருச்சுங்க. டிரைவருதான் வேற." முதல் டிரைவர் வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்ப மாட்டாராம். இரண்டு நிமிஷம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, டர்போ சூடு தணிந்த பிறகுதான் அணைப்பாராம்.

விமானத்திலும் இதே கதைதான் என்றார் ஆலந்தூரில் இருக்கும் ஒரு பெரியவர். விமானப் பராமரிப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வருஷத்துக்கு ஒன்று வீதம் பாக்கெட் டைரிகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். அதிகமும் கை வைத்தது பி.டி.6 என்ற இன்ஜினில்.

பி.டி.6 கனடாக்காரர்களின் படைப்பு. பிராட் அண்ட் விட்னி கனடா நிறுவனம் அதை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தது 1960ல். மறு வருஷம் வானத்தில் பறந்தது. இன்றைக்கு வரை 50,000த்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். ட்வின் ஆட்டர், கிங் ஏர், செஸ்னா கேரவன், நம் விமானப்படை 2013ல் சேர்த்துக்கொண்ட பிலாட்டஸ் பயிற்சி விமானம் எல்லாவற்றிலும் இந்தக் குடும்பம்தான். உள்ளே கம்ப்ரஸர் நிமிஷத்துக்கு 37,000 சுற்றுக்கு மேல் சுற்றும். புரொப்பெல்லர் 2,000 சுற்று வாக்கில். நடுவில் கியர் பாக்ஸ். இதை 'சாகா வரம் பெற்ற இன்ஜின்' என்கிற ரேஞ்சில் பைலட்டுகள் பேசுவார்கள்.

"சாகாதுதான் தம்பி. ஆனா கொல்ல முடியும். அதுவும் ஸ்டார்ட் பண்ற அரை நிமிஷத்துல" என்றார் பெரியவர்.

விளக்கினார். முதலில் ஸ்டார்ட்டர் மோட்டார் கம்ப்ரஸரைச் சுற்றிவிடும். முழு வேகத்தில் 12 சதவீதமாவது வந்து, முள் நிலையாக நின்ற பிறகுதான் எரிபொருள் லீவரைத் தள்ள வேண்டும். பாட்டரி சோர்ந்திருந்தால் வேகம் வராது. வேகம் வராவிட்டால் காற்று போதாது. காற்று போதாத இடத்தில் எண்ணெயை ஊற்றிக் கொளுத்தினால்? அடுப்பு குப்பென்று பிடிக்குமே, அதேதான். வெப்பமானி முள் சர்ரென்று ஏறும். பறக்கும்போது 800 டிகிரி வாக்கில்தான் எல்லை. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் சில மாடல்களுக்கு 1,090 டிகிரி வரை சலுகை உண்டு. அதுவும் இரண்டே இரண்டு விநாடிக்கு. அதற்குள் பைலட் எரிபொருளை வெட்டிவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டு உள்ளே இருக்கும் சூட்டை ஊதித் தள்ள வேண்டும். கடிகாரத்தையோ, கீழே நிற்கும் பயணியையோ பார்த்துக்கொண்டிருந்தால் போச்சு. இதற்கு 'ஹாட் ஸ்டார்ட்' என்று பெயர்.

இதில் விபரீதம் என்னவென்றால், பல சமயம் அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. இன்ஜின் ஓடும். விமானம் கிளம்பும், போய்ச் சேரும். உள்ளே கட்டை விரல் அளவுள்ள டர்பைன் பிளேடு ஒவ்வொன்றும் சூட்டிலும் சுழற்சியிலும் இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாமல் நீண்டுகொண்டிருக்கும். அந்த உலோகத்தின் வெப்பம் பத்து, பதினைந்து டிகிரி கூடினாலே ஆயுள் பாதியாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் ஒரு கைக்கணக்கு. இன்றைக்கு ஒருவர் செய்த தப்புக்கு என்றைக்கோ வேறொருவர் பில் கட்டுவார். கடன் பத்திரம் மாதிரி.

2019ல் பி.டி.6லேயே ஒரு புது வகை வந்தது. அதில் ஸ்டார்ட் செய்வதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஏற்கனவே பறந்துகொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பழைய இன்ஜின்களில் அந்த வேலை இன்னும் மனிதக் கையில்தான். டேக் ஆஃபிலும் அப்படித்தான். குளிர்ந்த காலையில் இன்ஜின் உற்சாகமாக இழுக்கும். கையைத் தள்ளிக்கொண்டே போனால் கியர் பாக்ஸ் தாங்காது. மே மாத மதியம் என்றால் கியர் பாக்ஸ் தாங்கும், சூடுதான் முதலில் எல்லையைத் தொடும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது பைலட்டின் மணிக்கட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பைலட் கதை இது. தரையில் இருப்பவர்கள் கதை இன்னும் சுவாரஸ்யம், இன்னும் அழுக்கு.

மாலத்தீவுக்குத் தேன்நிலவு போய் வந்தவர்கள் கடலில் இறங்கும் குட்டி விமானத்தில் போட்டோ எடுத்திருப்பீர்கள். அந்த ட்வின் ஆட்டரில் இரண்டு பி.டி.6. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறும். உப்புக் காற்று கம்ப்ரஸர் பிளேடுகளில் படலமாகப் படியும், அரிக்கும். பிளேடு அழுக்கானால் காற்று ஒழுங்காக அமுங்காது. அதே இழுவையைக் கொடுக்க இன்ஜின் அதிகச் சூட்டில் வேலை செய்ய வேண்டி வரும். மறுபடியும் பிளேடுதான் அடி வாங்கும். இதற்கு மருந்து எளிமையானது. அன்றைய பறத்தல் முடிந்ததும் எரிபொருள் இல்லாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் இன்ஜினைச் சுற்றவிட்டு, உள்ளே சுத்தமான தண்ணீரைப் பீய்ச்சிக் குளிப்பாட்ட வேண்டும். அப்புறம் சிறிது நேரம் ஓடவிட்டுத் தலை துவட்ட வேண்டும். அவ்வளவுதான். தினமும் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம். இருட்டிய பிறகு, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தோன்றுகிற நேரத்தில் செய்ய வேண்டும்.

எரிபொருள் தெளிக்கும் நாஸில்களும் அப்படி. துவாரத்தில் கரி அடைத்தால் பூவாளி மாதிரித் தூவாமல் ஒரு பக்கமாகப் பீய்ச்சும். தீ ஒரே இடத்தில் பட்டுப் பட்டு அந்த இடத்துத் தகடு வெந்துவிடும். டாஷ்போர்டில் இருக்கிற வெப்பமானி காட்டுவது சராசரியைத்தான். சராசரி யோக்கியமாக இருக்கும்போதே ஒரு மூலை கருகிக்கொண்டிருக்கலாம். (நம் ஊர் தலா வருமானக் கணக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அதனால்தான் நல்ல கம்பெனிகளில் 'டிரெண்ட்' பார்க்கிறார்கள். விமானம் உயரத்தில் நிதானமாகப் போகும்போது வெப்பம், இழுவை, சுழல் வேகம், எரிபொருள் ஓட்டம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, நேற்றோடும் போன மாசத்தோடும் ஒப்பிடுவது. சர்க்கரை நோயாளி நோட்டு போட்டு எழுதுவாரே, அது. ஒற்றை இன்ஜின் டர்போபிராப் விமானத்தில் ராத்திரியிலும் மேகத்துக்குள்ளும் கட்டணப் பயணிகளை ஏற்றிப்போக ஐரோப்பா ரொம்ப காலம் சம்மதிக்கவில்லை. 2017ல் பொது விதியாக அனுமதித்தார்கள். அதற்குப் போட்ட நிபந்தனைகளில் ஒன்று இந்த டிரெண்ட் கண்காணிப்பு. இன்ஜினை நம்புகிறோம், ஆனால் நோட்டைக் காட்டு என்கிறார்கள்.

பி.டி.6ன் பல மாடல்களுக்கு 3,600 மணி நேரம் ஓடியதும் முழுசாகப் பிரித்துச் செய்ய வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. நல்ல நோட்டு வைத்திருக்கும் ஆபரேட்டர்கள் உரிய அனுமதி வாங்கி அதைத் தாண்டியும் ஓட்டுகிறார்கள். நாமக்கல் லாரிகளேதான். என் அக்கவுன்டன்ஸி வாத்தியார் விட்டுவிட்ட காலம், இங்கே காசாக வந்து நிற்கிறது.

காசு போனால் பரவாயில்லை. இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றில் என்னைத் தூங்கவிடாதவை மூன்று விபத்து அறிக்கைகள். மூன்றும் ஏ.டி.ஆர். 72. மூன்றிலும் இன்ஜின் தானாகக் கெட்டுப்போகவில்லை.

2005 ஆகஸ்ட் 6. டியூனின்டர் கம்பெனி விமானம், இத்தாலியின் பாரியிலிருந்து துனீசியாவின் ஜெர்பா தீவுக்கு. முந்தின நாள் எரிபொருள் காட்டும் மீட்டர் சரியாக எரியவில்லை என்று புகார் எழுதியவர் இதே கேப்டன்தான். ராத்திரி அதை மாற்றினார்கள். மாட்டியது ஏ.டி.ஆர். 42 என்ற சின்ன அண்ணனுடைய மீட்டர். பார்க்க ஒன்று போலவே இருக்கும், அதே இடத்தில் கச்சிதமாகப் பொருந்தும். டாங்கின் அளவு வேறு என்பதால் கணக்கு மட்டும் வேறு. கிளம்பும் முன் எரிபொருள் போட்ட ரசீது எங்கே என்று கேப்டன் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. மீட்டர்தான் காட்டுகிறதே என்று கிளம்பிவிட்டார். கடலுக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இன்ஜினும் நின்றபோது டாங்க் காலி. மீட்டரில் 1,800 கிலோ! மீட்டரை நம்பியதால் இன்ஜினைத் திரும்ப ஓட்டவே போராடினார்கள். புரொப்பெல்லர் இதழ்களைக் காற்றுக்கு ஒருக்களித்து நிறுத்தியிருந்தால் இன்னும் கொஞ்ச தூரம் மிதந்திருக்கலாம். ஓடும் பஸ்ஸில் கையை வெளியே நீட்டிப் பாருங்கள். உள்ளங்கை காற்றைப் பார்த்தால் தள்ளும். விரல் ஓரத்தைக் காட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். அதைச் செய்யவில்லை. சிசிலிக்குப் பக்கத்தில் கடலில் இறங்கியது. 39 பேரில் 16 பேர் போனார்கள். 2009ல் இத்தாலிய நீதிமன்றம் பைலட்டுகளோடு கம்பெனியின் மற்ற சிலருக்கும் சேர்த்துத்தான் சிறைத் தண்டனை விதித்தது.

2015 பிப்ரவரி 4, தைபே. இந்த வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு விமானம் பக்கவாட்டில் சாய்ந்து, மேம்பாலத்தில் போன டாக்ஸியை இறக்கையால் இடித்துவிட்டு ஆற்றில் விழும். டிரான்ஸ் ஏஷியா விமானம். ஏதாவது ஒரு இன்ஜின் செயலிழந்தால் அதன் புரொப்பெல்லரைத் தானாக ஒருக்களிக்கும் ஒரு மின்னணுப் பெட்டி இதில் உண்டு. வலது இன்ஜினின் பெட்டியில் ஸால்டரிங் விட்டுப்போயிருந்தது. ஓடுபாதையில் போகும்போதே எரிய வேண்டிய ஒரு விளக்கு எரியவில்லை. கம்பெனி விதிப்படி அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது, மேலே போய்விட்டார்கள். ஏறிய கொஞ்ச நேரத்தில் அந்தப் பெட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது இன்ஜினின் புரொப்பெல்லரை ஒருக்களித்துவிட்டது. ஒற்றை இன்ஜினோடு திரும்பி வந்து இறங்க முடிகிற விமானம்தான் அது. கேப்டன் பதற்றத்தில் இடது இன்ஜினை அணைத்தார். தப்பான பக்கத்தை இழுத்துவிட்டோம் என்று அவருக்கே புரிந்தபோது விநாடிகள்தான் மிச்சம். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். ஒன்பது மாசம் முன்பு, 2014 மே மாதம், ஸிமுலேட்டர் தேர்வில் இதே மாதிரி விஷயங்களில் அவர் தேறாமல் மறுபடி எழுதித் தேறியவர் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. ஒரு பக்கம் அற்ப ஸால்டரிங், இன்னொரு பக்கம் ஒரு கை. இரண்டில் ஒன்று சரியாக இருந்திருந்தால்கூட அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மூன்றாவது 2023 ஜனவரி 15, நேபாளத்தின் போக்ரா. இறங்குவதற்கு முன்னால் இறக்கையின் மடிப்பை நீட்டச் சொன்னார் ஓட்டியவர். பக்கத்தில் இருந்தவர் அந்த லீவருக்குப் பதில், அருகிலேயே இருந்த புரொப்பெல்லர் லீவர்கள் இரண்டையும் இழுத்துவிட்டார். இரண்டு காத்தாடியும் காற்றுக்கு ஒருக்களித்துக்கொண்டன. இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன, இழுவைதான் இல்லை. பவர் வரவில்லையே என்று கடைசி வரை பேசிக்கொண்டிருந்தார்கள். 72 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

இதையெல்லாம் ஆலந்தூர்ப் பெரியவரிடம் சொன்னேன். எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனால் பைலட்டுகளைத் திட்டுவார் என்று நான் நினைத்ததற்கு மாறாக, தன் தொழிலையே பேசினார்.

"தப்பு நடக்கத்தான் செய்யும் தம்பி. எனக்கு பயம் தப்பு பண்ணவன் மேல இல்ல. சொல்லாம போறவன் மேலதான்."

தொண்ணூறுகளில் அவர் வேலை பார்த்த ஒரு சின்ன சார்ட்டர் கம்பெனியில் ஒரு கிங் ஏர் இருந்தது. அதன் டிரெண்ட் நோட்டில் ஒரு பக்க இன்ஜினின் வெப்பம் திடீரென்று இருபது டிகிரி ஏறி, அங்கேயே நின்றது. குழாய் போன்ற கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். நமக்கு எண்டோஸ்கோப்பி செய்வது மாதிரி. பிளேடு நுனிகள் வெந்திருந்தன. யாரோ ஹாட் ஸ்டார்ட் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த விமானத்தை ஓட்டியவர்கள் மூன்று பேர். மூவரும் 'நான் இல்லை'. ஒருவராவது ஏன் சொல்லவில்லை? அதற்கு முந்தின வருஷம் ஒருவர் சொன்னார். முதலாளி அவர் சம்பளத்தில் பிடித்தார். அவ்வளவுதான் காரணம். பிடித்த தொகையைவிட அந்த இன்ஜினுக்கு ஆன செலவு எத்தனை மடங்கு என்று நான் கேட்டதற்குப் பெரியவர் சிரித்தார். இருபது டிகிரியை நோட்டில் பார்க்காமல் விட்டிருந்தால் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது.

அந்த முதலாளி திருந்தினாரா என்று கேட்டேன். இல்லை என்றார். இவர்தான் வேறொரு வழி வைத்துக்கொண்டார். எந்த பைலட் வந்து தயங்கி நின்றாலும் முதலில் உட்காரவைத்து காபி. அப்புறம் இரண்டே கேள்வி. எத்தனை டிகிரி? எத்தனை விநாடி? மேனுவலில் அதற்கு ஒரு வரைபடம் இருக்கிறது. அந்தப் புள்ளி எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அதைப் பொறுத்து, சும்மா பார்த்தால் போதுமா, சூட்டுப் பகுதியைப் பிரிக்கணுமா, இன்ஜினையே இறக்கணுமா என்று முடிவு. ஒரு விநாடியைக் குறைத்துச் சொன்னால் புள்ளி வேறு கட்டத்துக்குப் போய்விடும்.

"அப்படி யாராவது வந்தார்களா சார்?"

ரப்பர் பேண்ட்டைக் கழற்றி ஒரு டைரியை எடுத்தார். ஒரு சின்னப் பையன், கோ-பைலட்டாகச் சேர்ந்து மூணு மாசம்கூட ஆகவில்லை, ராத்திரி ஒன்பதரைக்கு ஹாங்கர் வாசலில் வந்து நின்றானாம். கேப்டன் சொல்ல வேண்டாம் என்றாராம். இருந்தாலும் வந்திருக்கிறான். காபி குடிக்கும்போது டம்ளர் ஆடியதாம். மறுநாள் காலை புறப்பாட்டை ரத்து செய்தார்கள். முதலாளி போனில் கத்தினார். கேமரா விட்டுப் பார்த்ததில் பிளேடுகளுக்குச் சேதம் இல்லை. பாட்டரிதான் பாழ், அதை மாற்றினார்கள். அதற்கு அடுத்த ஸ்டார்ட்டை அந்தப் பையனையே செய்யச் சொல்லி, இவர் பின்னால் நின்றிருக்கிறார்.

பென்சிலில் எழுதியிருந்த அந்த வரியை எனக்குக் காட்டினார். தேதி, இன்ஜின் நம்பர், பக்கத்தில் '690'. பேரன் வந்து டிபன் ஆறுகிறது என்று கூப்பிட்டான். பெரியவர் டைரிகளை வருஷ வரிசைப்படி அடுக்கி, ரப்பர் பேண்ட்டைத் திரும்பப் போட்டுவிட்டு எழுந்தார்.